இரட்டைப் பயன்

பம்பு ஒன்று. எடை நாற்பத்திரண்டு கிலோ.
காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும்,
அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கேட்டவர் டாக்டர் ஷோகூஃபே கியானி,
பாம்புக்கடி மருந்து ஆய்வகம், கெர்மான்ஷா.
குதிரை ரத்தத்தில் பிரித்த சீரத்தை உறையவைத்து
வெற்றிடத்தில் உலர்த்திப்
பொடியாகக் குப்பியில் அடைக்க வேண்டுமாம்.
மலையூர்களில் ஐஸ்பெட்டி கிடையாது,
பொடி என்றால் ஆடு மேய்ப்பவனின் பையிலும் கெடாமல் கிடக்கும்
என்று எழுதியிருந்தார்.

அதே பம்பு
யுரேனியம் சுழலும் குழாய்களிலும்
காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும்.

எனக்கு வாஷிங்டனில் வேலை. நான்காவது மாடி,
ஜன்னல் இல்லாத பக்கம்.
வல்லரசின் வெளியுறவுக் கொள்கை
படிப்படியாக இறங்கி என்னிடம் வந்து சேரும்போது
அது ஒரு சின்னக் கட்டம்.
டிக் அடிக்கலாம். அடிக்காமலும் விடலாம்.

இறுதிப் பயனை விளக்கவும் என்று கேட்டேன்.
விளக்கினார்.
விளக்கத்துக்கு ஆதாரம் கேட்டேன்.
குதிரைகளின் படத்தை அனுப்பினார்.
பதினோரு குதிரைகள், கழுத்தில் எண் பட்டை,
ஏழாம் எண் மட்டும் கேமராவை விட்டு
வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தது.
‘குதிரைகள் இறுதிப் பயனாளர் ஆகா’ என்று
வோய்ட்டஸ் ஓரத்தில் பென்சிலால் குறித்தார்.
என் மேலதிகாரி. வேடிக்கைக்கு எழுதுகிறவர் அல்ல.

இதற்குள் அதிபர் மாறினார்.
கை நீட்டுவோம் என்றார்கள், ஒரு குளிர்காலம் நீட்டினோம்.
பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின.
எல்லா வழிகளும் மேசைமேல் இருக்கின்றன என்று
டிவியில் ஒருவர் சொன்ன அன்று
என் மேசையைப் பார்த்தேன்.
ஆறிய காபி, ஸ்டேப்ளர்,
பதினோரு குதிரைகள்.

பிறந்த ஊரை நான் இங்கே யாரிடமும் சொல்வதில்லை.
கொலம்பியா ஆற்றங்கரை. அப்பாவுக்கு உலையில் வேலை.
புளூட்டோனியம் என்ற சொல் எங்கள் வீட்டில் கேட்டதே இல்லை.
‘பொருள்’ என்பார்.
பொருள் இன்று நன்றாக வந்தது என்று சொல்லி
உருளைக்கிழங்குக் கிண்ணத்தை நகர்த்துவார்.
பள்ளிக் கால்பந்து அணியின் சட்டையில் காளான் மேகம்,
மஞ்சள் நூல் தையல்.
வெள்ளிக்கிழமைதோறும் அதைப் போட்டுக்கொண்டு
தொண்டை கட்டும்வரை கத்தினேன்.
சின்ன வயதில் குடித்த பாலை
இன்றும் ஆண்டுக்கொரு முறை
ஒரு மருத்துவர் என் கழுத்தில் தடவித் தேடுகிறார்.

உனக்கு அது கூடாது என்று எழுதும் கைக்கு
அது என்னவென்று தெரியும்.
தெரிந்ததாலா எழுதுகிறது,
தெரிந்துமா?

மூன்றாம் ஆண்டு மறுத்தேன்.
இரண்டு வரி. பழகிய வரிகள்.

நேற்று அவரிடமிருந்து கடிதம்.
“பம்பு இனி வேண்டாம்.
பழைய குளிர்பெட்டிகளின் கம்ப்ரெஸர் நான்கைச் சேர்த்து
ஒப்பேற்றிவிட்டோம். இரைச்சல் அதிகம்,
குதிரைகள் மிரளுகின்றன, பழகிவிடும்.
ஒரே ஓர் உதவி.
நீங்கள் மறுத்ததை முத்திரையிட்ட தாளில் தர முடியுமா?
மூன்று வருடம் உங்களுக்கு ஏன் எழுதினேன் என்று
இங்கே கூப்பிட்டுக் கேட்கிறார்கள்.
நீங்கள் எதுவும் தரவில்லை என்பதற்கு
ஆதாரம் கேட்கிறார்கள்.”

ஆதாரம். அது என் சொல்.
எப்போது எல்லை தாண்டியது?

முத்திரையிட்ட தாளும் ஏற்றுமதிதான் என்றார் வோய்ட்டஸ்.
அந்த நாட்டுக்கு அதற்கும் உரிமம் வேண்டும்.
சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்,
நெடுநேரம்.

அவருடைய ஆய்வகத்தில் எது சுழல்கிறது என்று
எனக்கு இன்றும் தெரியாது.
ஏழாம் எண் எதைப் பார்த்தது என்பதும்.

எல்லோரும் போன பிறகு புதுப் படிவம் ஒன்றைத் திறந்தேன்.
விண்ணப்பதாரர்: என் பெயர்.
பொருள்: தாள் ஒன்று.
எடை: ஐந்து கிராம்.
இறுதிப் பயன்:

கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது.